பிரேக் அக்காவின் கோணல் பொம்மைகள்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. பயிற்சிக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறவர் காலடியில் இன்னொரு பிரேக் என்று இரண்டு இருக்கும். அந்த இரண்டாவது பிரேக்கை அவளைப்போல நறுக்கென்று மிதிக்க அந்த ஊரில் ஆள் கிடையாது. மிதித்த காலோடு வாயும் திறக்கும். கண்ணாடி எதற்கு வைத்திருக்கிறது, பவுடர் பூசவா என்று அவள் போடுகிற சத்தத்தில், தெருவில் போகிற மற்ற வண்டிக்காரர்களும் ஒருதரம் தங்கள் கண்ணாடியைப் பார்த்துக்கொள்வார்கள்.

ரோட்டில் இம்மி பிசகினாலும் பொறுக்காத இவள், வீட்டில் பிசகிய பொம்மைகளாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்திருந்தாள் என்று சொன்னால் பள்ளியில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். மீதிப் பாதி, வீட்டுக்கு வந்து அந்த அறையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே செருப்பைத் தேடியவர்கள்.

எல்லாம் ஒரு பல் டாக்டரால் வந்தது. பின்னால் எடுங்கள் என்று சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிற வழக்கம் அவருக்கு. ஒருநாள் பிரேக் அக்காவின் பிரேக்கையும் மீறி, பொம்மைத் தொழிற்சாலையின் பின்சுவரில் போய் முட்டினார். மன்னிப்புக் கேட்க இவள் இறங்கிப் போனாள். சுவரில் ஒரு சின்ன ஜன்னல். அதற்குள் ஒரு பெண் அட்டைப்பெட்டியை அணைத்தபடி நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தரப் பரிசோதனையில் தேறாத பொம்மைகளை வாரம் ஒருநாள் அந்த ஜன்னல் வழியாகச் சல்லிசாகத் தள்ளிவிடுவார்களாம். பெட்டியில் மேலாக ஒரு பொம்மை. அதன் ஒரு கண் பல் டாக்டரைப் பார்த்தது. மறு கண் இடிந்த சுவரைப் பார்த்தது. பிரேக் அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டாக்டரைத் திட்டுவதற்காக வாய் நிறையச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்தச் சிரிப்பில் கரைந்துபோயிற்று. பொம்மையைக் கையோடு வாங்கிக்கொண்டாள்.

அதற்கு நாலாபக்கம் என்று பெயர். காரின் முன்பக்கம், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் அதை உட்காரவைத்தாள். இடது கண்ணால் இடது கண்ணாடியையும் வலது கண்ணால் வலது கண்ணாடியையும் ஒரே நேரத்தில் பார்க்கத் தெரிந்தவள் இந்தப் பள்ளியிலேயே இவள் ஒருத்திதான் என்று ஒவ்வொரு புது மாணவருக்கும் அறிமுகம் செய்துவைப்பாள்.

அதன்பிறகு ஜன்னல் திறக்கிற நாளெல்லாம் அவள் அங்கே ஆஜர். ஜன்னல்காரம்மாவும் அவளுக்கென்று நல்லதாக, அதாவது கெட்டதாக, எடுத்து ஒதுக்கி வைக்க ஆரம்பித்தாள். இரண்டு கையும் இடது கையாக அமைந்த ஒன்று வந்தது. அது இடதுசாரி. சில வாரம் கழித்து இரண்டு கையும் வலது கையாக இன்னொன்று வந்தது. அது வலதுசாரி. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கமாட்டாள், வீட்டில் அரசியல் வேண்டாம் என்று. தலையில் கிரீடம் உண்டு, ஒரு முடிகூட இல்லை என்றிருந்தது வழுக்கை மகாராணி. அவளுடைய முடியெல்லாம் எங்கே போயிற்று என்பதற்குப் பதில்போல, புருவம் வரைக்கும் முடி நட்டுவைத்த ஒரு பையன் பொம்மை. அவன் கரடி. படுக்கவைத்தால் ஒரு கண்ணை மட்டும் மூடி மறு கண்ணால் வேவு பார்ப்பது திருட்டுத் தூக்கம். வயிற்றை அமுக்கினால் குதிரைபோலக் கனைக்கிற, சரிகை கவுன் போட்ட பாப்பா ஒன்று. அதே பெட்டியில் வந்த ரப்பர் குதிரையின் வயிற்றை அமுக்கினால் "அம்மா, தூக்கு" என்று மழலையில் கெஞ்சும்.

அவள் ஒருநாளும் அவற்றை அழகு என்று சொன்னதில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்கிற கதையே இல்லை இது. பொன் குஞ்சாக இருந்தால் அவளுக்கு வேண்டியதே இல்லை. நாள் முழுக்கக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்து, டீ டம்ளரோடு அந்த அலமாரிக்கு எதிரில் கட்டிலில் உட்காருவாள். கரடியைப் பார்ப்பாள். மகாராணியைப் பார்ப்பாள். தானாகச் சிரிப்பாள். டம்ளர் காலியாகிறபோது தொண்டையும் தேறியிருக்கும், மனசும் தேறியிருக்கும்.

அவள் கணவர் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிக் கொடுப்பவர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசினால் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். பொம்மைகளைப் பற்றி அவர் நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. ஆனால் தூசி தட்டுவது அவர்தான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ஒருநாள் ஜன்னல்காரம்மா கையை விரித்தாள். தொழிற்சாலையில் புது இயந்திரம் வந்திருக்கிறதாம். அது தப்பே செய்யாதாம். இனி ஜன்னல் திறக்கிற வேலை இல்லை. கையில் இருந்த கடைசிப் பொம்மையை, துக்கம் விசாரிக்கிறவள்போல, பிரேக் அக்காவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். இருக்கிறதைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று பிரேக் அக்கா அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போட்டாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கொழுந்தன் வந்து சேர்ந்தார்.

கணவரின் தம்பி அவர். லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் முடி அளவு ஏற்ற இறக்கம் இல்லாமல் பொருந்தவேண்டும் என்பது அவர் தொழில். தொழில் மெல்ல மெல்ல ஆளுக்குள் இறங்கிவிட்டது. கொத்தனார்கள் சுவர் மட்டம் பார்க்க வைத்திருப்பார்களே, கண்ணாடிக் குழாயில் குமிழி ஓடும் ரசமட்டம், அதை அவர் சட்டைப்பையில் பேனாபோலச் செருகியிருப்பார். அதனால் குடும்பத்தில் அவர் பெயரே ரசமட்டம். நாய் வாலைப் பார்த்தாலும் உட்கார்ந்து நிமிர்த்தக்கூடிய ஆள்.

கம்பெனி அவருக்கு ஒரு வேன் கொடுக்கத் தயாராக இருந்தது. ஆனால் லைசென்ஸ் இல்லை. அவர் ஊரில் மூன்று தடவை தேர்வுக்குப் போய் மூன்று தடவையும் தோற்றிருந்தார். அவர் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, அக்கா கையில் விட்டால்தான் இது தேறும் என்று பெட்டியைக் கட்டி அனுப்பிவிட்டாள்.

வந்தவருக்கு உள்ளறையைக் கொடுத்தார்கள். பொம்மை அறை. மறுநாள் காலை கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவக்க எழுந்து வந்தார். தூக்கம் வந்ததா என்று அண்ணி கேட்டதற்கு, வந்தது, ஆனால் யாரோ ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்ததால் திரும்பிப் போய்விட்டது என்றார்.

இருந்தாலும் சும்மா சொல்லக்கூடாது, வீட்டுக்கு உபயோகமான மனிதர். வந்த ரெண்டாம் நாளே ஃப்ரிட்ஜின் அடியில் அட்டை வைத்து மட்டம் பார்த்தார். பல வருஷமாக உறுமிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜ் வாயை மூடிக்கொண்டது. ஆடுகிற சாப்பாட்டு மேஜை ஆட்டத்தை நிறுத்தியது. இழுத்து உதைத்தால்தான் மூடும் குளியலறைக் கதவு, விரலால் தொட்டாலே சாத்திக்கொண்டது. பிரேக் அக்கா மனம் குளிர்ந்து பாராட்டினாள். அந்தப் பாராட்டுதான் பின்னால் வினையாயிற்று.

காரில் உட்கார்ந்தால் மட்டும் அவர் வேறு ஆள். சாலையின் தன் பாதியில் நட்டநடுவே போகவேண்டும் என்று தலையை வெளியே நீட்டி இந்தப் பக்கம் அளப்பார், அந்தப் பக்கம் அளப்பார். அதற்குள் சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போய்விடுவார்கள். சிக்னலில் நின்றால், கோட்டுக்குச் சரியாக நிற்கிறதா என்று இறங்கிப் பார்க்கப் போவார். பச்சை விளக்கு எரிகிறபோது அவர் பம்பருக்கு முன்னால் குந்தியிருப்பார். ஸ்டீயரிங்கைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்திருக்கும். வண்டி சும்மா நேராகப் போனாலும், இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் என்று திருத்திக்கொண்டே இருப்பதால், பின்னால் வருகிறவர்களுக்கு இவர் குடித்திருப்பதாகத் தோன்றும். கேட்டால் ரோடு வலது பக்கம் சரிந்திருக்கிறது என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பிரேக் அக்கா கத்துவாள். அவர் நிஜமாகவே கூடம் கோணலாக இருக்குமோ என்று யோசிக்கிற முகத்தோடு உட்கார்ந்திருப்பார்.

போதாக்குறைக்கு எதிரில் நாலாபக்கம். ரோட்டைப் பார்க்கவேண்டியவர் அதன் கண்ணையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். "அண்ணி, ஒரே ஒரு நிமிஷ வேலை. ஊசி இருந்தா இப்பவே சரி பண்ணிடுவேன்" என்பார்.

"தம்பி, எதிர்ல பஸ் வருது" என்பாள் அண்ணி, பிரேக்கை மிதித்துக்கொண்டே.

ஒருநாள் அவள் மாணவர்களைத் தேர்வுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. கொழுந்தனுக்கு அன்று பயிற்சி இல்லை. கணவர் கடைக்குப் போய்விட்டார். ரசமட்டம் வீட்டில் தனியாக இருந்தார். வீட்டில் மட்டம் பார்க்க மேஜையும் இல்லை, கதவும் இல்லை. எல்லாம் பார்த்தாகிவிட்டது.

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது ரசமட்டம் வாசலிலேயே காத்திருந்தார். குளித்து, தலை வாரி, புதுச் சட்டை போட்டிருந்தார். முகத்தில் ஒரு வெட்கம். கணவர் முன்னதாகவே வந்திருந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. என்ன ஆச்சு என்று அவள் கண்ணால் கேட்டதற்கு அவர் உத்தரத்தைப் பார்த்தார்.

ரசமட்டம் அண்ணியை உள்ளறைக்கு அழைத்துப்போனார். அலமாரியின்மேல் ஒரு போர்வை தொங்கியது. இத்தனை நாள் சோறு போட்டதற்குத் தன்னால் ஆனது என்று முணுமுணுத்துக்கொண்டே, சிலை திறந்து வைக்கிறவர்போலப் போர்வையை இழுத்தார்.

எல்லாப் பொம்மைகளும் சரியாகியிருந்தன.

இடதுசாரிக்கும் வலதுசாரிக்கும் ஆளுக்கொரு கையை மாற்றிக் கொடுத்திருந்தார். இப்போது இருவரும் ஒரே தட்டில், ஒரே மாதிரி, ஒரு இடது கை ஒரு வலது கையோடு நின்றார்கள். கரடியின் நெற்றியிலிருந்து முடியைப் பிடுங்கி மகாராணியின் தலையில் ஒவ்வொன்றாக நட்டிருந்தார். திருட்டுத் தூக்கம் படுத்தவுடன் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு யோக்கியமாகத் தூங்கியது. ரசமட்டம் குதிரையின் வயிற்றை அமுக்கினார். அது கனைத்தது. பாப்பாவின் வயிற்றை அமுக்கினார். "அம்மா, தூக்கு" என்றது.

"ரெண்டு பேரோட வயித்துலயும் மாத்திப் போட்டிருக்காங்க அண்ணி. பிரிச்சுப் பாத்தாதான் தெரியுது" என்றார் அவர், கண்டுபிடித்த பெருமையில். பிறகு, காரில் இருக்கிறதையும் எடுத்து வந்தால் இன்றைக்கே முடித்துவிடலாம் என்றார்.

பிரேக் அக்கா அலமாரியை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தாள். வரிசையாக, ஒழுங்காக, பல்பொடி விளம்பரத்தில் வருகிற குடும்பம்போல எல்லாம் அவளைப் பார்த்துப் புன்னகைத்தன. ஒன்றுக்கும் என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"டீ குடிக்கிறீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டாள். அடுப்படிக்குப் போகிற வழியில் கார் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து பிரேக் அக்கா கத்துவதை நிறுத்திவிட்டாள். கண்ணாடி பார்க்காமல் திரும்பினாலும் பேச்சில்லை, கியர் கரகரவென்று அழுதாலும் பேச்சில்லை. ஆபத்து வந்தால் பிரேக்கை மிதிப்பாள், அவ்வளவுதான். பள்ளி முழுக்கக் கலவரம். அவளுக்கு உடம்பு சரியில்லை என்றார் ஒருவர். அவள் வேலையை விடப்போகிறாள் என்றார் இன்னொருவர். பல் டாக்டர் லைசென்ஸ் வாங்கி வெகுகாலம் ஆகியும், செய்தி கேட்டு ஓடிவந்து, ஒருவேளை பல்வலியாக இருக்குமோ என்று வாயைத் திறக்கச் சொன்னார். திட்டு வாங்காமல் ஓட்டிப் பழக்கமில்லாத மாணவர்கள், அந்த அமைதியைத் தாங்காமல் தங்களைத் தாங்களே திட்டிக்கொண்டு ஓட்டினார்கள்.

சந்தோஷமாக இருந்தவர் ரசமட்டம் ஒருவர்தான். அண்ணி திட்டவில்லை என்றால் தப்பில்லாமல் ஓட்டுகிறோம் என்று அர்த்தம் என்று அவர் கணக்குப் போட்டுவிட்டார். இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தலையை நீட்டி அளந்தார். வீட்டுக்கு வந்து அண்ணனிடம், தனக்கு இனி பயிற்சியே தேவையில்லை போலிருக்கிறது என்றும் சொன்னார்.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைத் தட்டிலேயே நிறுத்தினார். பிறகு, பல வருஷத்துக்குச் சேர்த்து வைத்த வார்த்தைகளை மொத்தமாகச் செலவு செய்தார்.

"டேய், அவ பேசாம இருக்கறது உன் மேல இருக்கற கோவத்துல. அந்தப் பொம்மை எல்லாம் தப்பா இருக்குன்னுதான் அவ வாங்கினா. நீ பண்ணது எப்படி இருக்கு தெரியுமா? ஊறுகாயை நல்லாக் கழுவி, காரம் போயிடுச்சு, இனிமே பயப்படாம சாப்பிடுங்கன்னு சொன்ன மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டு ஒரு சொம்பு தண்ணீரையும் குடித்தார்.

ரசமட்டத்துக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் ஆள் கூனிப்போனார். மெதுவாக அண்ணியிடம் போய் நின்று, கழற்றிய சாமான் எதையும் தூக்கிப்போடவில்லை, எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது, வேண்டுமானால் பழையபடி ஆக்கிவிடலாம் என்றார். அவள் முதலில் அவரைப் பார்த்தாள், அப்புறம் டப்பாவைப் பார்த்தாள். கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு உள்ளறைக் கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவர் தரையில் உட்கார்ந்தார். வேலை ஆரம்பித்தது.

கையை மாற்றியதும் வயிற்றை மாற்றியதும் சுலபமாக முடிந்தன. குதிரை மறுபடி "அம்மா, தூக்கு" என்றதும் அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த கணவர் "அப்பாடா" என்றது இங்கே கேட்டது. கஷ்டம் அதற்கப்புறம்தான். தலை லேசாகத் திரும்பியது, உதடு கொஞ்சம் இழுத்தது, தோள் ஒன்று தூக்கியது என்று நூல் நூலாக இருந்த கோணல்கள் அவை. அவருக்கோ அளவு தெரியாமல் ஆணி கூடத் தொடமுடியாது.

"எத்தனை டிகிரி சாஞ்சிருந்துது அண்ணி?"

"டிகிரி எல்லாம் எனக்குத் தெரியாது. பின்னாடி யாரோ கடன்காரன் கூப்பிட்ட மாதிரி இருக்கும்."

அவர் கடன்காரனை மனதில் நினைத்துத் தலையைத் திருப்பினார். கையை எடுப்பதற்குள் அதே கை, பழக்க தோஷத்தில், தலையை நேராக்கிவிட்டது. மறுபடி திருப்பினார். மறுபடி நேராயிற்று. மகாராணியின் முடியைப் பிடுங்கிக் கரடியின் நெற்றியில் நடச்சொன்னால், வகிடு எடுத்து இரண்டு பக்கமும் சமமாக நட்டு வைத்தார். கரடி ஏதோ கம்பெனி மேலாளர்போல இருந்தான். பிரேக் அக்காவால் அதற்குமேல் தாங்கமுடியவில்லை.

"கையை விடுங்க தம்பி. பிடிக்காதீங்க, விடுங்க. அது தானா எங்க போகுதோ போகட்டும். ஒவ்வொரு நூலையும் திருத்திக்கிட்டே இருந்தா என்னைக்குப் போய்ச் சேரறது?"

இத்தனை நாள் கேட்காத அந்தச் சத்தம் தெருமுனைவரை போயிற்று. எதிர்வீட்டுக்காரர், அப்பாடி, அந்தம்மாவுக்கு உடம்பு தேவலை ஆகிவிட்டது என்று மனைவியிடம் சொன்னாராம்.

திட்டு விழுந்த அதிர்ச்சியில் ரசமட்டத்தின் விரல்கள் நிஜமாகவே தளர்ந்தன. முடி கன்னாபின்னாவென்று விழுந்தது. தலை தன் போக்கில் சரிந்தது. ஒவ்வொன்றாகப் பழைய முகங்கள் திரும்பி வந்தன. ஒவ்வொன்று வரும்போதும் அவள் பெயர் சொல்லி வரவேற்றாள்.

கடைசியாகத் திருட்டுத் தூக்கம். அதன் ஒவ்வொரு கண்ணுக்குப் பின்னாலும் ஒரு சின்ன ஈயக்குண்டு உண்டு. பொம்மை சாய்கிறபோது அந்தக் குண்டின் கனத்தில்தான் இமை மூடும். அசதியில் ரசமட்டம் இரண்டு குண்டையும் தலைகீழாக மாட்டிவிட்டார். பொம்மையை நிற்கவைத்தால் அது இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு தூங்கியது. படுக்கவைத்தால் திடுக்கென்று முழித்துக்கொண்டது. அவர் பதறி, இதோ ஒரு நிமிஷம் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பிரேக் அக்கா கட்டிலிலிருந்து பாய்ந்து வந்து அவர் கையில் ஒரு அடி போட்டாள். பொம்மையை வாங்கி நிறுத்தினாள், படுக்கவைத்தாள், மறுபடி நிறுத்தினாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தொழிற்சாலைக்காரன் தலைகீழாக நின்றாலும் இப்படி ஒன்று செய்யமாட்டான் என்றாள். ரசமட்டத்துக்கு வாழ்க்கையில் இதுவரை யாரும் இவ்வளவு பெரிய பாராட்டுக் கொடுத்ததில்லை. அதுவும் தப்புக்கு. எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மூக்கைச் சொறிந்துகொண்டார்.

அடுத்த நாள் காரில் அவர் சாலையை அளக்க ஆரம்பித்தபோது, அண்ணி ஒரே வார்த்தைதான் சொன்னாள். "கரடி." அவர் விரல்களைத் தளர்த்தினார். வண்டி தன் பாட்டில் நேராக ஓடியது. அதன்பிறகு எங்கே இறுக்கினாலும் கரடி என்பாள், அவர் தளர்த்துவார். தேர்வு நாளன்று வண்டியை நிறுத்தச் சொன்ன இடத்தில் கொஞ்சம் சாய்வாகவே நிறுத்தினார். பழைய ஆளாக இருந்தால் இறங்கி அளந்திருப்பார். அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிகாரி பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, போதும், நல்லாத்தான் இருக்கு என்று கையெழுத்துப் போட்டார். ஓட்டும்போது நடுநடுவே வாய்க்குள் ஏதோ மிருகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டது என்ன என்று மட்டும் கேட்டாராம்.

லைசென்ஸ் கிடைத்ததும் ரசமட்டம் ஊருக்குக் கிளம்பவேண்டியது. பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. அன்று காலை ஜன்னல்காரம்மாவிடமிருந்து போன் வந்தது. தப்பே செய்யாத இயந்திரம் தப்பு செய்துவிட்டதாம். அதுவும் கொஞ்சநஞ்சமில்லை, ஒரு லாரி அளவுக்கு. ஜன்னலைத் திறக்கப்போகிறார்கள், சீக்கிரம் வா.

பிரேக் அக்கா செருப்பைப் போட்டபோது, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ரசமட்டமும் செருப்பைப் போட்டார். நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றார். போய்ச் சேர்ந்தபோது ஜன்னலுக்கு முன்னால் கூட்டம். பெட்டி பெட்டியாகப் பொம்மைகள். எல்லாவற்றுக்கும் உதட்டைத் தலைகீழாக அச்சடித்திருந்தது இயந்திரம். சிரிக்கவேண்டிய பொம்மைகள் மொத்தமும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தன. ஒரு பெண், அப்படியே என் மாமியார் என்று சொல்லி ஒன்று வாங்கினாள். அவளுக்குப் பின்னால் நின்ற மாமியார், அப்படியே என் மருமகள் என்று இன்னொன்று வாங்கினாள். விற்பனை பிய்த்துக்கொண்டு போயிற்று.

பிரேக் அக்காவுக்கு மட்டும் முகம் தொங்கிவிட்டது. "எல்லாருக்கும் ஒரே தப்புன்னா அது தப்பா? அது யூனிஃபார்ம்" என்றாள். ரசமட்டமும் ஒரு நிபுணரின் சோகத்தோடு தலையை ஆட்டினார். வெறுங்கையோடு போகவேண்டாம் என்று இருவரும் ஆளுக்கொரு பெட்டியைக் கிளறினார்கள். உம்மணாமூஞ்சிகளாக வந்துகொண்டே இருந்தன. கைகள் கடைசிப் பெட்டியின் அடியில் ஒரே பொம்மையின்மேல் ஒரே நேரத்தில் விழுந்தன.

அந்தப் பொம்மை சிரித்துக்கொண்டிருந்தது. எப்படியோ தப்பிப் பிழைத்து, உதடு சரியாக அச்சாகி, மற்றபடி கண், கை, முடி எல்லாம் அம்சமாக அமைந்த பொம்மை. நாலு பக்கமும் அத்தனை பேர் முகத்தைத் தொங்கப்போட்டிருக்க, இது ஒன்று மட்டும் துக்க வீட்டில் பாயசம் கேட்கிறவன்போல ஈ என்று இளித்தது.

அவள் தலையைப் பிடித்திருந்தாள். அவர் காலைப் பிடித்திருந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நான்தான் அண்ணி முதல்ல பாத்தேன்."

"பாத்தா போதுமா? தொட்டது நான்."

ஜன்னல்காரம்மா நடுவில் புகுந்து பொம்மையை வாங்கிப் பார்த்தாள். இது நல்ல பொம்மை, தவறிப்போய் இதில் கலந்துவிட்டது, முன்பக்கக் கடைக்குத்தான் போகவேண்டும், இந்த ஜன்னலில் குறையுள்ளதை மட்டும்தான் விற்கலாம் என்று மேலிடத்து உத்தரவு என்றாள்.

"அம்மா, இந்த லாரில இருக்கற அத்தனையும் உம்முனு இருக்கு. இது ஒண்ணு மட்டும் சிரிக்குது. அப்போ எதும்மா தப்பு?" என்றார் ரசமட்டம். அடுத்தவர் வீட்டுக் குளியலறைக் கதவைக்கூட விடாத அந்த மனிதர், நல்ல பொம்மை ஒன்றைக் கெட்டது என்று நிரூபிக்க அங்கே நின்று மன்றாடினார். அண்ணி பக்கவாத்தியம் வாசித்தாள். பின்னால் வரிசை முறுமுறுத்தது. மாமியாரும் மருமகளும்கூட அந்தச் சிரிப்பில் ஏதோ கோளாறு இருக்கத்தான் செய்கிறது என்று முதல்தடவையாக ஒத்துப்போனார்கள். ஜன்னல்காரம்மா காதைப் பொத்திக்கொண்டு, எடுத்துக்கொண்டு போங்கள், போய்ச் சேருங்கள் என்று பொம்மையை வெளியே தள்ளினாள்.

யாரிடம் இருப்பது என்பது வீடு வரைக்கும் தீரவில்லை. ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று வாசலில் இறங்கும்போது ஒருவழியாகப் பேசி முடித்தார்கள். முதல் ஆறு மாதம் யாருக்கு என்பதில் மறுபடி ஆரம்பித்தார்கள்.

கணவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். பொம்மையை வாங்கிப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார், இரண்டும் நேராக இருந்தன. கையைப் பார்த்தார், இடது ஒன்று, வலது ஒன்று. படுக்கவைத்தார், தூங்கியது. வயிற்றை அமுக்கினார், "அம்மா" என்றது. வெளிச்சத்துக்கு எடுத்துப்போனார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இதுல என்ன தப்பு?" என்று கேட்டார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தைகள்.

மனைவியும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரசமட்டம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார், அண்ணி வழியனுப்பத் தெருமுனைவரை போய்விட்டு வந்தாள். கணவர் இன்னும் ஜன்னலோரம் நின்று, பொம்மையின் காதுக்குப் பின்னால் தேடிக்கொண்டிருந்தார்.